மழைக்காலத்துக்கு மாட்டுக்கும் ஊறுகாய்!

*சைலேஜ் மூட்டையும் நுண்ணுயிர்ப் பொடியும் டெல்டாவின் மாட்டுக் கொட்டகைகளில் பேச்சாகிவிட்டன. குடவாசல் பக்கத்து இரண்டு மாட்டுக்காரருக்கு இதில் எது லாபம், எது தண்டச் செலவு?*

ஐப்பசி அடைமழை. குடவாசலிலிருந்து எரவாஞ்சேரி போகும் சாலையின் இரண்டு பக்கமும் சம்பாப் பயிர் நுனியை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. வரப்பு எது, வாய்க்கால் எது என்று புரியவில்லை. உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்ட ஒரு அம்மா, முழங்கால் தண்ணீரில் நடந்துபோய் வாய்க்கால் கரை மேட்டில் புல் அறுக்கிறார். கையில் வருவது பாதி புல், பாதி கோரை. கட்டைத் தூக்கித் தலையில் வைத்தால் காதோரம் தண்ணீர் வழிகிறது. வீட்டில் வைக்கோல் போர் இருக்கிறது. ஆனால், மேலே போட்ட தார்ப்பாய் காற்றில் விலகியதில் ஒரு பக்கம் முழுக்கக் கறுத்துவிட்டது. உருவிப் போட்டால் மாடு முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. காலையில் சொசைட்டியில் ஊற்றிய பால், போன வாரத்தைவிடக் குறைவு.

அடுத்த தெருவில் இன்னொரு கொட்டகை. வாயை இறுக்கிக் கட்டிய வெள்ளை மூட்டை ஒன்றைப் பிரிக்கிறார்கள். புளித்த வாடை குப்பென்று தெருவரை வருகிறது. “என்னண்ணே, கள்ளு இறக்குறீங்களா?” என்று குடையோடு போகிறவர் கேலி பேசுகிறார். உள்ளே காக்கி நிறத்தில், விரல் நுனி அளவுக்கு நறுக்கிய மக்காச்சோளத் தட்டை. இடையிடையே மஞ்சள் மணிகள். கூடையில் அள்ளுவதற்குள் மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு நிற்கிறது.

அந்த மூட்டைக்குப் பெயர் சைலேஜ். கால்நடை மருத்துவர்கள் நம்மூர் பாஷையில் ‘ஊறுகாய்ப் புல்’ என்பார்கள். பால் மாடு வைத்திருப்பவர்கள் கூடுகிற இடத்தில் இப்போது இரண்டு கேள்விகள்தான். மூட்டையை வாங்குவதா, நாமே போடுவதா? போடுவதென்றால், கடைக்காரர் நீட்டுகிற அந்த பாக்டீரியாப் பொடி கட்டாயம் வேண்டுமா?

வைக்கோல் உண்டு, புல் இல்லை

நெல் விளைகிற ஊரில் மாட்டுத் தீவனத்துக்குப் பஞ்சமா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வயிறு நிரப்புவதற்குப் பஞ்சமில்லை, சத்துக்குத்தான் பஞ்சம். வைக்கோலில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். மணல் சத்தான சிலிகா அதிகம். அதிலுள்ள ஆக்சலேட், மாட்டின் உடம்புக்குப் போகவேண்டிய கால்சியத்தையும் பிடித்துவைத்துக்கொள்கிறது. உழவு மாட்டுக்கு அது போதும். நாளைக்கு 8, 10 லிட்டர் கறக்கிற கலப்பினப் பசுவுக்குப் போதாது.

2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மாடுகள் 95 லட்சத்துக்கு மேல், எருமைகள் 5 லட்சத்துச் சொச்சம். முந்தைய 2012 கணக்கைவிட மாடு கூடியிருக்கிறது, எருமை குறைந்திருக்கிறது. கூடிய மாட்டுக்கு ஏற்ப மேய்ச்சல் நிலம் கூடவில்லை. நாடு முழுவதும் பசுந்தீவனத்தில் 11 சதவீதத்துக்கு மேலும், உலர் தீவனத்தில் 23 சதவீதத்துக்கு மேலும் பற்றாக்குறை என்று ஜான்சியில் உள்ள இந்தியப் புல்வெளி மற்றும் தீவன ஆராய்ச்சி நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

டெல்டாவில் இதோடு மழையும் சேர்ந்துகொள்கிறது. மேட்டூர் அணை 2022-ல் மே 24 அன்றே திறந்தது. 2024-ல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அணை தாமதமாகத் திறந்தால், அந்தத் தண்ணீரை நம்பிக் குறுவை நட்டவரின் அறுவடை வடகிழக்குப் பருவமழைக்குள் மாட்டுகிறது. நெல்லையாவது கொள்முதல் நிலையத்து வாசலில் தார்ப்பாய் போட்டுக் காப்பாற்றுவார்கள். வயலில் கிடக்கிற வைக்கோலை யார் பார்ப்பது? தை மாசத்துச் சம்பாவும் இப்போது நிச்சயமில்லை. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் பருவம் தப்பிக் கொட்டிய மழையில் அறுவடைக்கு நின்ற கதிர் சாய்ந்ததை டெல்டா மறந்திருக்காது. செய்தித்தாள்கள் நெல் இழப்பை எழுதின. வைக்கோல் இழப்புக்கு யாரும் கணக்கு எடுக்கவில்லை.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். கதிர் அறுக்கும் இயந்திரம் வந்தபிறகு வைக்கோல் வயலிலேயே சிதறிவிழுகிறது. அதைச் சுருட்டிக் கட்டுகிற இயந்திரம் பின்னாலேயே வருகிறது. கட்டுகள் நேராக லாரியில் ஏறி ஊரைவிட்டுப் போகின்றன. கையால் அறுத்துக் களத்தில் அடித்த காலத்தில் கூலியோடு கொஞ்சம் வைக்கோலும் வீடு வந்து சேரும். நிலமில்லாத வீட்டுப் பசு அதில்தான் வளர்ந்தது. இன்று அந்த வீட்டுக்காரர் வைக்கோல் கட்டையும் காசு கொடுத்தே வாங்குகிறார்.

மூட்டைக்குள் என்ன நடக்கிறது?

பச்சைத் தீவனத்தை நறுக்கி, காற்றே இல்லாமல் அழுத்தி அடைத்து மூடினால் அதிலுள்ள லாக்டிக் அமில பாக்டீரியா செடியின் சர்க்கரையைத் தின்று அமிலமாக்குகிறது. அமிலம் கூடக் கூட அமிலகாரக் குறியீடு 4-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். அந்த நிலையில் அழுகவைக்கிற கிருமிகள் வாழ முடியாது. பிரிக்காதவரை மாதக்கணக்கில் கெடாது. விஷயம் இவ்வளவுதான்.

கஷ்டமெல்லாம் செய்முறையில். முதல் எதிரி காற்று. அறுத்த பிறகும் புல் சில மணி நேரம் மூச்சு விடும். உள்ளே காற்று மிச்சமிருந்தால் சர்க்கரையை எரித்துச் சூடாகிவிடும். அதனால்தான் தட்டையை 1 முதல் 2 சென்டிமீட்டர் துண்டாக நறுக்கச் சொல்கிறார்கள். நீளமாக விட்டால் எத்தனை மிதி மிதித்தாலும் இடுக்கில் காற்று தங்கும்.

இரண்டாவது ஈரப்பதம். டெல்டா விவசாயிக்கு ஈரப்பதம் என்றதும் கொள்முதல் நிலையத்து 17 சதவீதம்தான் ஞாபகம் வரும். இங்கே கதை வேறு, 65 முதல் 70 சதவீதம் வேண்டும். கருவி தேவையில்லை. நறுக்கிய தீவனத்தைக் கைப்பிடி அள்ளி அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறக்கவும். விரலிடுக்கில் சாறு வடிந்தால் ஈரம் அதிகம், அரை நாள் வாடவிட வேண்டும். உருண்டை உடனே பொலபொலவென்று உதிர்ந்தால் காய்ந்துவிட்டது. உருண்டை மெல்ல மெல்லப் பிரிந்து, உள்ளங்கையில் ஈரம் மட்டும் ஒட்டினால் அடைக்கலாம்.

ஈரம் மிஞ்சினால் கிளாஸ்ட்ரிடியா என்ற வேறொரு கூட்டம் உள்ளே புகுந்துகொள்ளும். அது உண்டாக்குகிற பியூட்ரிக் அமிலத்தின் நாற்றம் கையில் பட்டால் சோப்பு போட்டும் லேசில் போகாது. மாடும் தொடாது. மண் ஒட்டிய புல்லில் இந்தக் கிருமி அதிகம். சேற்று வயல்காரர்கள் இதைக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

> நோபல் வாங்கிய மாட்டுத் தீவனம்
>
> பிரான்சின் ஒகுஸ்ட் கோஃபார் என்ற விவசாயி, மக்காச்சோளத்தைப் பதப்படுத்துவது பற்றி 1877-ல் எழுதிய புத்தகத்துக்குப் பிறகுதான் சைலேஜ் உலகமெங்கும் பரவியது. பின்லாந்து வேதியியலாளர் ஆர்த்தூரி இல்மாரி விர்தானென் வேறு வழியில் போனார். பாக்டீரியா அமிலம் சுரக்கும்வரை காத்திருக்காமல், நீர்த்த அமிலத்தையே தீவனத்தின் மேல் ஊற்றி அமிலகாரக் குறியீட்டை 4-க்குக் கீழே இறக்கினார். அவர் பெயரின் முதலெழுத்துகளால் அது ‘ஏ.ஐ.வி. தீவனம்’ ஆனது. 1945-ம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது, குறிப்பாக இந்தத் தீவனப் பாதுகாப்பு முறைக்காக.

பொடி என்பது உறைமோர்

கடையில் விற்கிற பொடி அமிலமல்ல, உயிருள்ள பாக்டீரியா. பால் தானாகவும் தயிராகும். ஆனால், எந்த வீட்டிலும் அதை நம்பி விடுவதில்லை, நல்ல தயிரிலிருந்து ஒரு கரண்டி உறைமோர் ஊற்றுகிறார்கள். இந்தப் பொடியின் வேலையும் அதுவே. புல்லின் மேல் இயற்கையாக ஒட்டியிருக்கும் பாக்டீரியாவில் நல்லதும் கெட்டதும் கலந்திருக்கும். நல்ல ரகத்தை லட்சக்கணக்கில் முன்கூட்டியே இறக்கிவிட்டால், பந்தயத்தில் அது முந்திக்கொள்ளும்.

வழக்கமான அளவு ஒரு கிராம் தீவனத்துக்கு ஒரு லட்சம் உயிரணு. ஒரு டன்னுக்குக் கணக்குப் போட்டால் 10,000 கோடி! எண்ணிக்கையைப் பார்த்து மலைக்க வேண்டாம், சில கிராம் பொடியிலேயே அது அடங்கிவிடும்.

இதில் இரண்டு சாதி உண்டு. லாக்டோபேசில்லஸ் பிளாண்டாரம், பீடியோகாக்கஸ் போன்றவை சர்க்கரையைப் பெரும்பாலும் லாக்டிக் அமிலமாகவே மாற்றும். வேகமானவை, சேதாரமும் குறைவு. இன்னொன்று லாக்டோபேசில்லஸ் பக்னெரி. இது நிதானமான பேர்வழி. லாக்டிக் அமிலத்தில் கொஞ்சத்தை அசிட்டிக் அமிலமாக மாற்றும். அதற்கு 45 முதல் 60 நாள் பிடிக்கும். அசிட்டிக் அமிலம் ஈஸ்டையும் பூஞ்சையையும் அடக்குவதால், திறந்தபிறகு சைலேஜ் சீக்கிரம் சூடாகிக் கெடாது.

இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கினால் காசு வீண். பெரிய பண்ணையில் பல டன் குவியலைத் திறந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுப்பவருக்குப் பக்னெரி உபயோகப்படும். 50 கிலோ மூட்டையைப் பிரித்து இரண்டு, மூன்று நாளில் தீர்த்துவிடுகிற வீட்டுக்கு அது எதற்கு? சின்ன மூட்டைதான் அங்கே பாதுகாப்பு.

“மோரையே ஊற்றினால் ஆகாதா?” என்று கேட்காத ஆளில்லை. தயிர் பாக்டீரியா பாலில் வளரப் பழகியது. செடியின் மேல் வாழப் பழகியது வேறு கூட்டம். மோர் ஊற்றினால் கெடுதலில்லை, ஆனால் அதை நம்பி டன் கணக்கில் அடைக்கக் கூடாது. கைவசம் இருக்கிற வேறொரு வழியை ஜப்பான், தாய்லாந்து ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள். அடைக்கப்போகும் புல்லிலேயே 200 கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் அரைத்து வடிகட்டி, 2 சதவீதம் சர்க்கரை சேர்த்து, காற்றுப் புகாமல் மூடி இரண்டு நாள் வைத்தால் சாறு புளிக்கும். புல்லில் இருந்த நல்ல பாக்டீரியாவே அதில் பெருகியிருக்கும். 100 கிலோ புல்லுக்கு ஒரு லிட்டர் தெளிக்கலாம். வெப்பநாட்டுப் புற்களில் இது பலன் தந்திருக்கிறது. மிக்ஸி இருக்கிற எந்த வீட்டிலும் செய்யலாம்.

தேவையில்லாத இடத்தில் விற்கிறது!

பொடியை வைத்துப் பெரும்பாலும் பேசப்படுவது மக்காச்சோளம். ஆனால், மக்காச்சோளத்துக்குத்தான் பொடி அவ்வளவாகத் தேவையில்லை. பால் முற்றி மாவு பிடிக்கும் பருவத்தில் அறுத்த மக்காச்சோளத்தில் சர்க்கரையும் போதுமான ஈரமும் இருக்கும். நன்றாக நறுக்கி மிதித்து மூடினாலே தானாகப் புளித்துவிடும். ‘ஜர்னல் ஆஃப் டெய்ரி சயின்ஸ்’ இதழில் 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. முதல் சாதி பாக்டீரியா புல் வகைகளிலும் பயறு வகைத் தீவனத்திலும் புளிப்பைத் தெளிவாக மேம்படுத்தியது. மக்காச்சோளம், சோளம், கரும்பு ஆகியவற்றில் அப்படி மேம்படவில்லை. பாலைப் பொறுத்தவரை மாட்டுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 370 கிராம் கூடியது. அந்த ஆய்வுகளில் இருந்தவை கூடுதலாகக் கறக்கும் மாடுகள். நம்மூர்க் கொட்டகைக்கு அதை அப்படியே பெருக்கிப் பார்க்கக் கூடாது.

டெல்டாவில் என்ன இருக்கிறது? வாய்க்கால் மேட்டிலும் கொல்லையிலும் வளர்கிற கம்பு நேப்பியர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 2008-ல் வெளியிட்ட கோ 4, அதற்குப் பின் வந்த கோ 5. கூடவே அகத்தி, வேலிமசால். எல்லாவற்றுக்கும் மேல் நெல். இவை எல்லாமே சைலேஜ் போடுவதற்குச் சண்டித்தனம் செய்கிற பயிர்கள். நேப்பியரில் தண்ணீர் அதிகம், சர்க்கரை குறைவு. அகத்தியிலும் மசாலிலும் புரதம் அதிகம் என்பதால் அமிலம் ஏறுவது தாமதமாகும். நெல் தாளோ உள்ளே குழலாக இருப்பதால் காற்றைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

பொடி உண்மையில் வேலை செய்யவேண்டிய இடம் இங்கேதான். அப்போதும் பொடி மட்டும் போதாது. பாக்டீரியாவுக்குத் தின்னச் சர்க்கரை வேண்டுமே! நேப்பியரை அரை நாள் வாடவிட்டு, 100 கிலோவுக்கு 2 கிலோ வெல்லப்பாகைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்து, பிறகு பொடியைத் தூவ வேண்டும். பாகு இல்லாமல் பொடி போடுவதைவிட, பொடி இல்லாமல் பாகு ஊற்றுவது மேல்.

ஜப்பான்காரர் நெல்லையே அடைத்தார்

நெல்லைச் சைலேஜ் ஆக்குவதில் உலகத்துக்கு வாத்தியார் ஜப்பான். சோறு தின்பது குறைந்து வயல்கள் சும்மா கிடக்கத் தொடங்கியபோது, கதிரோடு சேர்த்து நெற்பயிரை அறுத்து, உருட்டி, பிளாஸ்டிக் சுற்றி மாட்டுக்குப் போடுகிற திட்டத்தை அரசாங்கமே ஊக்குவித்தது. 10 ஆர் நிலத்துக்கு, அதாவது சுமார் கால் ஏக்கருக்கு, 80,000 யென் மானியம். நெல்லில் நல்ல பாக்டீரியாவும் சர்க்கரையும் குறைவு என்பதால், அதற்கென்றே ‘சிகுசோ 1’ என்ற லாக்டிக் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். மணி குறைவாகவும் தண்டில் சர்க்கரை அதிகமாகவும் உள்ள நெல் ரகங்களையும் உருவாக்கினார்கள்.

நாம் கதிரோடு அடைக்க வேண்டியதில்லை. சோற்றுக்கு விளைவதை மாட்டுக்குப் போடச் சொல்ல எவருக்கும் மனம் வராது. நம் கண் படவேண்டியது குறுவைத் தாளின் மேல். இயந்திரம் அறுத்துத் தள்ளுகிற அன்று தாள் பச்சை மாறாமல் ஈரமாகத்தான் இருக்கும். வெயில் அடித்தால் காயும். மழை பிடித்தால் மூன்றாம் நாள் கறுக்கும். காய்கிற நம்பிக்கை இல்லாத வாரங்களில், அன்றைக்கே அள்ளி நறுக்கி, பாகும் பொடியும் கலந்து அடைத்துவிட்டால் அது தப்பிக்கும்.

நிபந்தனைகள் உண்டு. சேற்றில் மிதிபட்ட தாள் கூடாது. இரண்டு நாள் மழையில் ஊறியதும் கூடாது. கடைசியாக அடித்த பூச்சிமருந்துக்குச் சொன்ன காத்திருப்பு நாள் முடிந்திருக்க வேண்டும். முக்கியமாக ஒன்று. புளித்துவிட்டதால் வைக்கோல் மக்காச்சோளம் ஆகிவிடாது. அதே குறைந்த புரதம்தான், மாடு விரும்பித் தின்னும், கெடாது, அவ்வளவே. பிண்ணாக்கும் தவிடும் வைத்தாக வேண்டும்.

100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா கரைத்துத் தெளித்து 21 நாள் மூடிவைக்கிற முறையைச் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது அம்மோனியாவின் காரத்தால் வைக்கோலை இளக்குவது. இது அமிலத்தால் காப்பது. இரண்டையும் ஒரே மூட்டையில் செய்தால் ஒன்றை ஒன்று கெடுத்துவிடும்.

> 15 சென்ட் கணக்கு
>
> கோ 4 நேப்பியர் ஆண்டுக்கு ஏக்கருக்கு 150 டன் வரை தரும் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. நம் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைத்தால் 15 சென்டில் ஆண்டுக்கு 15 டன். ஆண்டுக்கு ஏழு அறுப்பு என்றால் ஓர் அறுப்புக்கு 2 டன்னுக்குச் சற்று மேல். வாடவிட்டால் எடை மூன்றில் ஒரு பங்கு குறைந்து சுமார் 1,400 கிலோ. புளிப்பில் போகும் சேதாரம் கழித்து 1,200 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை 24. இரண்டு பசுவுக்குத் தலைக்கு 10 கிலோ என்றால் 60 நாளுக்கு வரும். ஐப்பசியும் கார்த்திகையும் தாண்டிவிடலாம்!

குழி வெட்டாதீர்கள்

பழைய கையேடுகள் எல்லாம் குழி வெட்டச் சொல்லும். கொங்கு நாட்டின் மேட்டாங்காட்டுக்கு அது சரி. சோழசூடாமணி ஆற்றோரத்துக் களிமண்ணில் குழி வெட்டினால் ஐப்பசியில் கிணறாகிவிடும். தரைக்குமேல் மேடையில் மூட்டையாகவோ, இறுக மூடுகிற 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மிலோ அடைப்பதுதான் இங்கே தோது. ஒரு டிரம்மில் நன்றாக மிதித்தால் 100 கிலோவுக்குக் குறையாமல் பிடிக்கும்.

மூட்டைக்கு எலி இன்னொரு எதிரி. வில் வைத்த எலிக் கிட்டிக்குப் பேர்போன தஞ்சாவூர்ச் சீமைக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனாலும் இங்கே விஷயம் தானியச் சேதத்தோடு நிற்பதில்லை. எலி போட்ட ஓர் ஓட்டை வழியே காற்றுப் போனால் அந்த மூட்டையில் பூஞ்சை பிடிக்கும். எலியே உள்ளே செத்தால் பாட்டுலினம் என்ற நச்சு உண்டாகி மாட்டின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

பூஞ்சை விஷயத்தைத் தமிழ்நாடு கூடுதல் அக்கறையோடு பார்க்கக் காரணம் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. 368 மாதிரிகளில் அஃப்ளாடாக்சின் எம்1 என்ற நச்சு அளவுக்கு மேல் இருந்தது. எண்ணிக்கைப்படி மாநில வரிசையில் தமிழ்நாடுதான் முதலிடம். 551 மாதிரிகளில் 88. இந்த நச்சைப் பாலில் யாரும் கலப்பதில்லை. பூஞ்சை பிடித்த தீவனத்தைத் தின்ற மாட்டின் பாலில் தானாக வருகிறது. கறுத்த வைக்கோல், பூசணம் பூத்த பிண்ணாக்கு, காற்றுப் புகுந்த சைலேஜ் மூன்றும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். மேல்பக்கம் வெள்ளையாகவோ பச்சையாகவோ படர்ந்திருந்தால் அந்தப் பகுதியோடு சேர்த்துச் சுற்றியுள்ளதையும் எருக்குழியில் போட வேண்டும். ‘மாட்டுக்குத்தானே’ என்று நினைத்தால், அது நம் வீட்டுக் குழந்தையின் டம்ளருக்குத்தான் திரும்பி வரும்.

வாங்கினால் கட்டுமா?

மூட்டை வாங்கும் கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ சைலேஜ் 8 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு 15 கிலோ போட்டால் 120 ரூபாய். ஆவின், 2023 டிசம்பரில் 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தபோது, அதையும் சேர்த்துப் பசும்பாலுக்கு லிட்டருக்கு 38 ரூபாய் ஆனது. அந்த விலையில் மூன்று லிட்டருக்கு மேற்பட்ட பால் சைலேஜுக்கே போய்விடும். 15 லிட்டர் கறக்கிற மாட்டுக்குத் தாங்கும். 6 லிட்டர் மாட்டுக்கு வாங்கிப் போடுவது கையைக் கடிக்கும். மழை கொட்டுகிற இரண்டு வாரத்துக்கு அவசரத்துக்கு வாங்குவது வேறு, வருஷம் முழுக்க வாங்குவது வேறு.

உம்பளச்சேரி வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வரவேண்டாம். சேற்று உழவுக்கென்றே டெல்டா வளர்த்த இனம் அது. திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கை அரசுப் பண்ணையில் அதைப் பேணுகிறார்கள். இரண்டு, இரண்டரை லிட்டர் பாலும் வைக்கோலில் காலம் தள்ளுகிற திறமும்தான் அதன் குணம். அதற்குச் சைலேஜ் போடுவது, நடந்தே போய்விடக்கூடிய ஊருக்கு டாக்சி பிடிப்பது.

ஆக, லாபம் நாமே போடுவதில்தான். ஆனால், ‘நாமே’ என்பதில் யார் யார்? 15 சென்ட் கொல்லை உள்ளவர் போட்டுக்கொள்வார். வாய்க்கால் கரையில் கோரை அறுக்கிற நிலமில்லாத அம்மா என்ன செய்வார்? தேசியக் கால்நடை இயக்கம் 2021-ல் மாற்றியமைக்கப்பட்டபோது, சைலேஜ் ஆலை வைப்பவருக்குச் செலவில் பாதி, 50 லட்சம் ரூபாய் வரை மானியம் என்று அறிவித்தது. நல்லது. ஆனால், மானியம் போக மீதிப் பாதியைத் தானே போடக்கூடியவருக்குத்தான் அது எட்டும். ஒரு பசு வைத்திருப்பவர் அந்த ஆலையின் வாடிக்கையாளராக மட்டுமே ஆக முடியும்.

இதற்கு நடுவில் ஒரு வழி இருக்கிறது. அது கிராமத்துப் பால் கூட்டுறவுச் சங்கம். தினம் இரண்டு வேளை எல்லோரும் வந்து போகிற இடம். யார் வீட்டு மாடு எவ்வளவு கறக்கிறது என்ற கணக்கும் அங்கே இருக்கிறது. சங்கத்துக்கு ஒரு புல் நறுக்கும் இயந்திரம், கொஞ்சம் டிரம், ஊர்ப் பொது மேட்டில் அரை ஏக்கர் நேப்பியர் இருந்தால், உறுப்பினர்கள் சேர்ந்து அடைத்துப் பால் காசில் கழித்துக்கொள்ளலாம். வாய்க்கால் கரையை ஏலம் விடுகிற பஞ்சாயத்துகள், தீவனப் புல்லுக்கென்று ஒரு பகுதியை மகளிர் குழுவுக்கு விடலாம். சொல்லித்தர ஆளில்லை என்றும் சொல்ல முடியாது. நீடாமங்கலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிறது.

> பொடி வாங்கும்போது
>
> பையில் பாக்டீரியாவின் பெயரும், ஒரு கிராமுக்கு எத்தனை உயிரணு என்ற எண்ணும், காலாவதித் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். வெறுமனே ‘சிறப்பு நுண்ணுயிர்க் கலவை’ என்றிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கடையில் வெயில் படுகிற அலமாரியில் கிடந்த பை வேண்டாம். உள்ளே உள்ளது உயிர், சூட்டில் செத்துவிடும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் கரைக்கக் கூடாது. கரைத்ததை அன்றே தெளித்துத் தீர்க்க வேண்டும்.
>
> மாட்டுக்குப் போடும்போது
>
> 45 நாள் கழித்துப் பிரியுங்கள். முதல் நாள் 2, 3 கிலோவில் தொடங்கி ஒரு வாரத்தில் கூட்டுங்கள். கறந்து முடித்தபின் போடுங்கள், முன்னால் போட்டால் பாலில் வாடை ஏறும். இளங்கன்றுகளுக்கு வேண்டாம்.

கதிர் அறுக்கும் இயந்திரம் டெல்டாவுக்கு வந்தபோது அதன் கூடவே வைக்கோலும் ஏழை வீட்டுக் கொட்டகையை விட்டுப் போனது. அன்று யாரும் முன்கூட்டி யோசிக்கவில்லை. சைலேஜ் இன்னும் முழுதாக வந்துசேரவில்லை, யோசிக்க நேரம் இருக்கிறது. குடவாசல் வட்டத்துப் பால் சங்கங்கள் வருகிற பொதுக்குழுவிலேயே நறுக்கும் இயந்திரத்தைத் தீர்மானமாகப் போட்டுக் கால்நடை பராமரிப்புத் துறைக்கு அனுப்பலாம். நேப்பியர் கரணை நட்டு முதல் அறுப்புக்கு இரண்டரை மாதம் ஆகும். புரட்டாசிக்குள் அடைக்க வேண்டுமென்றால் ஆனி பிறக்கும்போதே கரணை மண்ணில் இருக்க வேண்டும்.